மடைக்கயிறும் மாயக் கண்ணாடியும்

முன்னொரு காலத்திலே, குளங்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் பஞ்சமே இல்லாத ஒரு காலத்திலே, மருதநல்லூர் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கே சோறு போட்டது ஒரு பெரிய குளம். குளத்தின் அடியில் மூன்று மடைக்கற்கள். அவற்றைப் புரட்டினால்தான் வாய்க்காலில் தண்ணீர் பாயும். கரையில் நின்று கம்பால் தள்ளுகிற வேலை இல்லை அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை முங்க வேண்டும். அதற்கு நாட்டில் இருந்தது ஒரே ஆள், சுடலைமுத்து.

முங்கும்போது அவர் இடுப்பில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டிக்கொள்வார். மறுமுனை கரையில் அவர் மகள் செண்பகவடிவின் கையில் இருக்கும். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால், கல்லைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வந்தால், மூச்சு முட்டுகிறது, உடனே தூக்கு என்று அர்த்தம். வடிவு கயிற்றைப் பிடித்துவிட்டால் இமைக்கக்கூட யோசிப்பாள்.

"யாராவது பயில்வானைப் பிடிக்கச் சொல்லக் கூடாதா?" என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

"பயில்வானுக்கு நான் ஆரு?" என்று சிரிப்பார் சுடலைமுத்து. "எம் மவ பிடிச்சாத்தான் எனக்கு அடியில மூச்சு தாங்கும்."

வடிவுக்குப் பதினைந்து வயதானது. குளக்கரையில் அவர்கள் வீடு ஒன்றுதான். பேச்சுத்துணைக்கு ஒரு தோழி கிடையாது. அந்த வயதுக்கு அது பெரிய குறைதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் குறையை ஒருத்தன் மோப்பம் பிடித்துவிட்டான்.

அவன் பெயர் மினுக்கன். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மந்திரவாதி. அவனுக்குச் சோறு வேண்டாம், கறி வேண்டாம், மனிதர்களின் பார்வைதான் அவனுக்குத் தீனி. நாடெங்கும் பிள்ளைகள் கையில் மாயக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, திருவிழா அன்று அவன் வடிவிடமும் வந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடியை நீட்டினான்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் வடிவு.

"சும்மா வச்சுக்கோ தாயி. அப்பப்ப பாரு, எனக்கு அது போதும்."

பார்த்தாள். கண்ணாடிக்குள் நாடெங்கும் உள்ள பெண்பிள்ளைகள் தெரிந்தார்கள். ஒருத்தி ஆடினாள், ஒருத்தி பாடினாள், ஒருத்தி "வடிவு, உன் சடை எவ்வளவு அழகு!" என்றாள். போதும் என்று கீழே வைக்கப் போனால் கண்ணாடி கொஞ்சும்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாரு, அப்புறம் போயிரு."

அம்மா பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். "ஏட்டி, சோறு ஆறுது."

"இந்தா வாரேம்மா."

இன்னும் ஒண்ணே ஒண்ணு.

அப்பா வாசலிலிருந்து கூப்பிடுவார். "வடிவு, குளத்துக்கு நாரை வந்திருக்கு. பாக்க வாரியா?"

"இந்தா வாரேம்பா."

இன்னும் ஒண்ணே ஒண்ணு. நாரை எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்? அது பறந்து போய்விட்டது.

பார்க்காத முகம் மங்கிப் போகும். அதுதான் மினுக்கனின் மாயம். முதலில் அம்மாவின் முகம் வடிவுக்குப் புகைமூட்டமாகத் தெரிந்தது. அடுத்து அப்பாவின் முகம். பிறகு வீடு, குளம், எல்லாமே. வடிவு பதறினாளா? இல்லையே! கண்ணாடிக்குள்தான் எல்லாம் பளிச்சென்று இருந்ததே.

"அதைப் பிடுங்கி அடுப்புல போடட்டுமா?" என்று பேச்சியம்மாள் பொருமினாள்.

"வேண்டாம் பேச்சி. அதுல பாத்தாவது சிரிக்கா. பிடுங்கிட்டா அந்தச் சிரிப்பும் போயிரும்" என்றார் சுடலைமுத்து. பிள்ளையின் சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும் என்று இருந்துவிட்டார் மனுஷன். அது அவர் செய்த தப்பு. ஆனால் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மடை திறக்கும் நாள் வந்தது. வயல்கள் வெடித்துக் கிடந்தன.

"இந்தத் தடவை நான் கயிறு பிடிக்கேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"எம் மவ கை இருக்கையில எனக்கு என்ன பயம்? நீ போயி வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவர் முங்கினார்.

முதல் கல் புரண்டது. மேலே வந்து மூச்சு வாங்கினார். இரண்டாம் கல் புரண்டது. மேலே வந்து மூச்சு வாங்கினார். மூன்றாவது தடவை முங்கியபோது வடிவு இடது கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, வலது கையால் மடியிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். ஒண்ணே ஒண்ணுதானே என்று.

கயிறு ஒரு தடவை இழுத்தது. சரி, கல்லைப் பிடித்துவிட்டார். கயிறு மறுபடி இழுத்தது, சேர்ந்தாற்போல் இரண்டு தடவை. "இந்தா வாரேம்பா" என்றாள் வடிவு, கண்ணை எடுக்காமல். இன்னும் ஒண்ணே ஒண்ணு.

அப்புறம் கயிறு இழுக்கவே இல்லை.

அந்தச் சும்மாயிருத்தல்தான் அவள் கையில் உறைத்தது. திடுக்கிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். எல்லாம் புகைமூட்டம். குமிழி வருகிறதா, இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. "யப்பா!" என்று கத்தினாள்.

"ஏன் கத்துற? உங்க அப்பா இந்தா இருக்காரே!" என்றது கண்ணாடி. குனிந்து பார்த்தாள். உள்ளே அப்பா கரையில் நின்று கருகருவென்ற முடியைத் துவட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு தெளிவு! வடிவுக்கு உயிர் வந்தது. கண் நம்பிவிட்டது.

ஆனால் இடது கை நம்பவில்லை. கயிறு இன்னும் கனத்துக்கொண்டிருந்தது. அப்பா கரையில் நின்றால், கயிற்றின் அந்த முனையில் கனப்பது யார்?

கண்ணாடியை உதறினாள். அது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு! இன்னும் ஒண்ணே ஒண்ணு!" என்று அலறியது. சரி, ஒட்டிக்கொண்டே கிட! கண்ணாடியோடு சேர்த்தே கயிற்றை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள் வடிவு. முரட்டு நாருக்கும் உள்ளங்கைக்கும் நடுவே கண்ணாடி நொறுங்கியது. சில்லு கிழித்து ரத்தம் வந்தது. அவள் விடவில்லை. கத்தலைக் கேட்டு ஓடிவந்த அம்மாவும் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சுடலைமுத்துவைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

குப்புறப் புரட்டி முதுகை அமுக்கினாள் பேச்சியம்மாள். "யப்பா, யப்பா" என்று தேம்பினாள் வடிவு. ஒரு குடம் தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் இருமினார். அந்த இருமலைப்போல இனிய சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை.

மினுக்கன் என்ன ஆனான் என்கிறீர்களா? அந்த ஒன்று உடைந்ததும் நாடெங்கும் இருந்த அவன் கண்ணாடிகளும் நொறுங்கின; அவற்றிலிருந்து, அவன் தின்ற பார்வைகளெல்லாம் ஈசல்போலக் கிளம்பி, அவரவர் கண்ணுக்குத் திரும்பிவிட்டன. நாடெங்கும் பிள்ளைகள் திடுக்கென்று தலைநிமிர்ந்து, எதிரே இருந்த அம்மாவையும் அண்ணனையும் பார்த்தார்கள். வயிறு காலியான மினுக்கன் சுருங்கிச் சுருங்கி ஒரு மின்மினிப் பூச்சி ஆனான். இன்றைக்கும் அந்தியில் "என்னைப் பாரு, என்னைப் பாரு" என்று மினுக்கிக்கொண்டு திரிகிறான். கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள், தப்பில்லை.

மினுக்கனின் மாயத்தை உடைத்ததற்காக, வேண்டியதைக் கேள் என்று நாட்டு அரசர் வடிவிடம் சொன்னார். நாட்டுச் சந்தையைக் குளக்கரையில் கூட்டச் சொல்லுங்கள் என்று கேட்டாள் அந்தக் கெட்டிக்காரி. சந்தை வந்தது, தொட்டுப் பேசத் தோழிகளும் வந்தார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று, கரையில், வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். புகைமூட்டம் விலகியிருந்தது. கண்ணாடிக்குள் கண்ட அப்பா இல்லை இவர்.

"யப்பா, உங்க தலை எப்ப நரைச்சுது?"

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்" என்றார் அவர், கிழிந்த அவள் உள்ளங்கையைத் தன் துண்டால் சுற்றியபடி. "நீ பாக்கலியா?"

"பாக்கலப்பா."

"அதனால என்ன? இப்பப் பாத்துட்டேல்லா."

வடிவு அழுதாள். ஆசை தீர அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுத அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, நீயும் கொஞ்சம் இங்க திரும்பு."

"எதுக்குட்டி?"

"சும்மாதாம்மா. பாக்கணும்."