எருமை மேலதான் தப்பு

பள்ளமேட்டுப்பட்டியில் மாசாணம், குப்பாண்டி, இருளப்பன் என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்துப் புத்தி ஒன்று இருந்தது. அது அன்றைக்கு யாரிடம் என்பதில்தான் தகராறு.

டவுனில் இருந்த மனநல டாக்டர் சுகுணவதி இவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். மனுஷருக்கு எவ்வளவு கவலை என்று அளக்க வெளிநாட்டில் எழுதியது. அவர்தான் தமிழுக்கு மாற்றியிருந்தார். ஊரில் கேட்டு எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பக் கேளுங்கள் என்றார். "ரெண்டு தடவையும் பதில் ஒரே மாதிரி வந்தாத்தான் இந்தத் தாளை நம்பலாம்."

மூவரும் தலையாட்டினார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பம்.

எருமையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்த வெள்ளைத்தாயிடம் முதலில் கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் 'மிக அதிகம்'. பக்கத்து வீட்டுச் சடையாண்டி வெற்றிலை மென்றபடி எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் வெள்ளைத்தாய் சிரிக்கிறாள். எருமை தானாகவே வந்துவிட்டதாம். எனக்கென்ன கவலை என்றாள்.

மூவரும் தெருமுனையில் கூடினார்கள்.

"தாள்ல தப்பில்லை," என்றான் மாசாணம். "எருமை மேலதான் தப்பு."

"டாக்டரம்மா கஷ்டப்பட்டு மாத்தினதை ஒரு எருமை கெடுக்குறதா?" என்றான் குப்பாண்டி.

இருளப்பன் ரொம்ப நேரம் யோசித்தான். "அவுத்து விட்ரலாம்."

அவிழ்த்து விட்டார்கள். வெள்ளைத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். 'மிக அதிகம்.' மூவருக்கும் பரம திருப்தி.

எருமையோ நேரே சடையாண்டியின் கத்தரித் தோட்டத்தில் இறங்கிவிட்டது. இனி அவர் பதில் அல்லவா மாறிவிடும்? ஓடிப்போய் அவரைக் கட்டிலோடு தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். எதற்கடா என்று கேட்டார்.

"உங்களுக்குக் கவலை வரக்கூடாதுங்கய்யா," என்றான் மாசாணம். "தோட்டத்துல எருமை மேயுறது உங்களுக்குத் தெரியவே கூடாது."

வெள்ளைத்தாய் எருமையைப் பிடித்தாள். சடையாண்டி தடியைப் பிடித்தார். மூவரும் டவுனில் டாக்டரம்மா வீடு வரைக்கும் ஓடினார்கள்.

நடந்ததையெல்லாம் பெருமையோடு ஒப்பித்தார்கள். டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த இருளப்பன் புதுத்தாள் ஒன்றை எடுத்து அவரிடமே கேள்விகளைக் கேட்டான். ஒன்று விடாமல் 'மிக அதிகம்'.

"நல்லதும்மா," என்றான். "ரெண்டு வாரம் கழிச்சு இதையே திரும்பக் கேப்போம். அதுவரைக்கும் உங்க கவலை கொஞ்சங்கூடக் குறையாம நாங்க கூடவே இருந்து பாத்துக்கிறோம்."

சொல்லிவிட்டு மூவரும் கூடத்தில் பாயை விரித்தார்கள்.