ஆறு பிள்ளைகளுக்கான அறை

கடைசிவரை கேளுங்கள். நடுவில் விடை தோன்றினாலும் வாயைத் திறக்காதீர்கள். அது தப்பாகத்தான் இருக்கும்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஓர் ஊரில், லைன் வீடொன்றில் தனக்கொடி என்பவள் இருந்தாள். கம்பெனிக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள் ஆறு பேரைப் பகலெல்லாம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள், இனியா. பேத்தியை என்னிடம் விடு என்று, காங்கயத்திலிருக்கும் தனக்கொடியைப் பெற்ற ஆத்தா வாராவாரம் போனில் கேட்பாள். "எம்புள்ளைய அங்க உட்டுட்டு ஊரான் புள்ளைகளக் கொஞ்சச் சொல்றியா ஆத்தா?" என்று இவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஆறு பேரில் கடைசியாக வந்தவன் பேச்சியம்மாளின் மகன் அகிலன், இரண்டு வயது. ஒருநாள் தண்ணீர்க் குழாய்க்குப் போகையில், பக்கத்து வரிசையில் பூட்டிய வீட்டுக்குள் அழுகை கேட்டு, தனக்கொடி ஜன்னல் வழியே பார்த்தாள். கட்டில் காலோடு பிள்ளையின் காலைச் சேர்த்துப் பச்சைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த பேச்சியை அவள் திட்டவில்லை. நாளையிலிருந்து என்னிடம் விடு என்றாள். அந்தக் கிழிசல் அவள் வீட்டுத் தொட்டிலை ஆட்டும் கயிறாயிற்று. ஆடியில் பேச்சி தன் அம்மாவின் சாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் போனபோது, மூன்று நாளும் அகிலன் தனக்கொடியின் மடியில்தான் தூங்கினான்.

ஐப்பசியில் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். நல்லவள், ஒரு பிள்ளையின் மூக்கைத் தானே துடைத்துவிட்டாள். பிள்ளைக் காப்பகத்துக்கு லைசென்ஸ் எடுக்காவிட்டால் மாத முடிவில் மூடவேண்டும். எடுத்தால், இந்த அறையின் அளவுக்கு ஆறு பேர்தான் என்றாள். தனக்கொடிக்கு உயிர் வந்தது. அதிகாரி இனியாவைக் காட்டி, "உங்க பாப்பாவும் கணக்குல உண்டும்மா" என்றாள்.

மறுநாள் தனக்கொடி தாய்மார்களைக் கூட்டி, ஒரு பிள்ளை குறையவேண்டும் என்று சொன்னாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனியாவைக் காங்கயத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. அந்நேரம் பார்த்து இனியா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். சொல் இறங்கிவிட்டது.

பேச்சிதான் வாய் திறந்தாள்.

"யக்கா, எங்கம்மா ஊர்லருந்து வாராக. அகிலன அவுக பாத்துக்கிடுவாக."

மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. "ஒனக்கென்னடி, குடுத்துவச்சவ" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் போனபின், பேச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிலருகே நின்றாள்.

"அந்தப் பச்சைத் துணி என்னோடதுல்லாக்கா."

தனக்கொடி அதை அவிழ்த்தாள். நான்காய் மடித்துக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி விதிப்படி சொன்னாள். பேச்சி பொய் சொன்னாள். தனக்கொடி பொய்யென்று தெரிந்தே துணியைக் கொடுத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: அதிகாரி சொன்னதில் பிழையில்லை. பேச்சியின் பொய்யால் மற்ற ஐந்து பிள்ளைகளுக்கு இடம் தப்பியது. அதைச் சரியென்று சொல்ல அகிலனின் கால் சம்மதிக்கவேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் இன்னும் எத்தனை கட்டில் காலில் முடிச்சு விழுந்திருக்குமோ, ஆகவே தனக்கொடியும் சரிதான். ஆனால் பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று பேச்சி பொய்யாகச் சொன்னதை, தனக்கொடி உண்மையாகவே சொல்லியிருக்கலாம். லைசென்ஸ் இப்போது அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. குழாய்க்குப் போகையில் அவள் பக்கத்து வரிசை வழியாகப் போவதில்லை, சுற்றிப் போகிறாள்.