பதினேழாம் தேதி போட்ட மூடி

பீர் பாட்டில் மூடியில் என்ன பெரிய ரகசியம் இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள், இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து மெல்போர்ன் போய்ச் சேர்ந்தவன் செங்கோடன். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கத் தடையில்லை. அவனுக்கோ காய்ச்சுவதைவிட மூடிக்குப் படம் வரைவதில்தான் பைத்தியம். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் படம், அடியில் ஒரு தேதி. மூடிகள் அச்சாகி வந்ததும் அவனும் நண்பன் பிரிட்டோவும் கராஜில் உட்கார்ந்து பாட்டில்களை அடைப்பார்கள். அடைத்த பீர் மூன்று வாரமாவது ஆறவேண்டும். மனைவி சுகந்தி அதைத் தொடமாட்டாள்; குடித்துப்போட்ட பாட்டில்களின் நெளிந்த மூடிகளை மட்டும் ஊறுகாய் ஜாடியில் சேர்த்துவைப்பாள். மயில் போட்ட மூடியில் அவள் பிறந்தநாள் இருந்தது, மத்தாப்பு போட்டதில் தீபாவளி.

ஆள் சரியான குறும்பன். ஆடி முடிந்த மறுநாளே பெண் பார்க்க வந்துவிட்டவன், இருபது பேர் நடுவில், காபி டம்ளருக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அப்படிப்பட்டவனின் கார் ஆகஸ்ட் பதினேழு காலையில் மரத்தில் மோதியது; அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. மழையில்லை, பனியில்லை, வளைவில்லாத சாலை, எதிரே வண்டியும் இல்லை. ஏன் என்று போலீசாருக்கே சொல்லத் தெரியவில்லை.

பத்தாம் நாள் கராஜில் துணி போர்த்திய பெட்டி ஒன்றைச் சுகந்தி திறந்தாள். பன்னிரண்டு பாட்டில்கள். ஒவ்வொரு மூடியிலும் மூடிய கண் ஒன்று. அடியில் 17 ஆகஸ்ட்.

அந்தத் தேதியை மறுபடி மறுபடி படித்தாள். நாள் குறித்துவிட்டுத்தான் போனானா? என்னோடு வாழ்ந்தது அவ்வளவு கசந்துவிட்டதா? யாரிடம் கேட்பது? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? துணியை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தாள். ஆனாலும் சமையற்கட்டில் நிற்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு கண்களும் திறந்துகொண்டு தன்னைப் பார்ப்பதாகவே தோன்றியது. போய்ப் பார்ப்பாள். மூடித்தான் இருக்கும்.

மூடி அழுத்தும் கருவியைக் கொடுப்பதற்காக பிரிட்டோ வீட்டுக்குப் போனாள். அங்கேயும் ஒரு பெட்டி இருந்தது. அதே தேதி. ஆனால் அத்தனையும் திறந்த கண். இருக்கப்போகிறவனுக்குத் திறந்த கண், போகப்போகிறவனுக்கு மூடிய கண் என்று பட்டது அவளுக்கு. அவள் பார்வை போன இடத்தைக் கவனித்த பிரிட்டோ தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கு அர்த்தம் மட்டும் கேக்காதீங்க மதினி. அந்தத் தேதியில அவனே உங்ககிட்ட சொல்லிக்குவானாம், அதுவரைக்கும் நான் வாயத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்."

அதற்குமேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த செங்கோடனின் அண்ணன் தங்கவேலு, அவள் கராஜுக்கும் வீட்டுக்குமாக அலைவதைப் பார்த்தார். "கண்ணுல படற எடத்துல இதெதுக்கு அம்மிணி? கொட்டீரலாம். மூடியெல்லாம் குப்பைக்குப் போவட்டும்" என்று பாட்டில் திறப்பானை எடுத்தார். சுகந்தி தடுக்கவில்லை.

கொட்டச் சொன்ன தங்கவேலு, வாய் திறக்காத பிரிட்டோ, கேட்கப் பயந்த சுகந்தி. இதில் யார் செய்தது சரி? அந்தக் கண்தான் எதைச் சொன்னது?

விடை: மூவர் செய்ததும் சரியில்லை. தங்கவேலு பாசத்தோடுதான் வந்தார், ஆனால் விடையையே சாக்கடையில் ஊற்றப் பார்த்தார். பிரிட்டோவின் சத்தியத்துக்கு ஆயுள் அந்தத் தேதிவரைதான். பதினேழு போனபின்பும் அவன் காத்தது வெறும் மௌனம். சுகந்தி ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தாலே போதும். மூடியில் இருப்பது அடைத்த நாளல்ல, திறந்து குடிக்கவேண்டிய நாள். ஆகஸ்ட் பதினேழு ஆவணி முதல் தேதி, அவன் பெண் பார்க்க வந்த நாள். சிறிய மூடியில் ஒரு கண்தான் கொள்ளும். நல்லவேளையாக, தங்கவேலு முதல் மூடியைத் திறக்குமுன் பிரிட்டோ மனம் கேட்காமல் தன் பெட்டியோடு வந்துவிட்டான். அதிலிருந்து ஒரு பாட்டிலையும் தன் வீட்டு பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது: ஒரு கண் திறந்து, ஒரு கண் மூடி, செங்கோடன் கண்ணடித்துக்கொண்டிருந்தான். சாக நாள் குறித்தவனில்லை அவன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வர இருந்தவன். அது தெரிந்த பிறகுதான் சுகந்திக்கு அழுகை வந்தது.