நாற்பத்தொன்றாம் பக்கம்

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்கள் எஸ்தர் டீச்சரைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். வயது முப்பத்தெட்டு. தலையில் பிளாஸ்டிக் கிளிப், தோளில் துணிப்பை, வாயில் பாதி கடித்த பென்சில். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் அவருடைய ஆவணக் காப்பகம் இருந்தது.

சீடர் பீர்முகமதுக்கோ அறுபது தாண்டிவிட்டது. டீச்சர் அவரை ‘சார்’ என்பார். அவர் ‘டீச்சர்’ என்பார். இதில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது கீழே இருந்த தையல்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த மாடியில் சேர்த்துவைத்தது பழைய கம்பைலர்களின் மூல நிரல். மனிதர் எழுதுகிற வரிகளை இயந்திரத்துக்கு விளங்கும் வெறும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர். அதையும் ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாக எழுதியிருப்பார். எண்கள் வந்துவிட்டால் இயந்திரம் ஓடும். அப்புறம் அந்த வரிகளை யார் சீந்துகிறார்கள்? எடைக்குப் போடுவார்கள், அடுப்பில் போடுவார்கள். அப்படிப் போகாமல் தப்பியதைத்தான் டீச்சர் ஊர் ஊராகத் தேடினார்.

பீர்முகமது ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்காலம் முழுக்க நிரல் எழுதியவர். புது இயந்திரம் வந்த அன்று பழையதையெல்லாம் அழிக்கும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். அவர் எழுதியதில் ஒரு வரிகூட இன்று எங்கும் இல்லை. அது அவருக்கு இன்னும் வலிக்கிறது. யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அவர் மாடியேறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க சார்.”

“உண்மையைச் சொன்னா ஒருத்தங்க மனசு ஒடைஞ்சிரும். சொல்லலைன்னா இந்தக் காப்பகம் பொய் சொல்லும். எது பரவாயில்லை?”

டீச்சர் பென்சிலை வாயிலிருந்து எடுத்தார்.

“முதல்ல உக்காருங்க. எந்தப் பக்கம்?”

பக்கம் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று பீர்முகமதுக்கு விளங்கவில்லை. இந்த மாடியில் வேறெதைப் பற்றி மனிதர்கள் முகம் வெளுத்து நிற்பார்கள்?

“நாப்பத்தொண்ணு” என்றார்.

விஷயம் இதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் சௌந்தரநாயகி என்ற கணித ஆசிரியை, தான் வேலை பார்த்த கல்லூரியில் தனியாக ஒரு கம்பைலர் எழுதினார். எண்கள் ஒரு காந்த நாடாவில் தப்பிப் பிழைத்தன. வரிகளை அச்சடித்த நீளத்தாள்களை என்ன செய்தார்கள்? வேதியியல் கூடத்து அலமாரிகளில் பாட்டில்களுக்கு அடியில் விரித்துவிட்டார்கள். தாள் நல்ல கெட்டித்தாள். வேறு எதற்கு ஆகும் என்று நினைத்திருப்பார்கள்.

பீர்முகமது போய், பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, தாள்களை உருவி எடுத்தார். அமிலம் பட்டுச் சட்டையில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. எல்லாப் பக்கமும் கிடைத்தது, நாற்பத்தொன்று தவிர. அந்த இடத்தில் அமிலம் கொட்டியிருந்தது. தொட்டதும் தூளாகிப்போனது.

டீச்சர் மதுரையில் ஒரு வேலையாக மாட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பீர்முகமது தனியாக உட்கார்ந்தார். அந்தப் பக்கம் என்ன செய்தது என்பதை எண்கள் சொல்லிவிட்டன. எப்படி எழுதியிருப்பார் என்பதைத்தான் சொல்லவில்லை. அதற்காக மற்ற பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். சௌந்தரநாயகி எதையும் மேலிருந்து கீழே எண்ண மாட்டார், கீழிருந்து மேலேதான். ஒரு வேலையை இரண்டு தடவை செய்யவைக்க மாட்டார். நிரல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ வேண்டுமென்றால், போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். சௌந்தரநாயகி வைத்த பெயர்களெல்லாம் தலையும் வாலும் வெட்டுப்பட்டுக் கிடந்தன, ஆறு ஆங்கில எழுத்துக்கு மேல் அந்த இயந்திரம் ஏற்காது. வேறு ஊர்க்காரர் பார்த்தால் கிறுக்கல் என்பார். தினமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ்ஸில் போய்வந்த பீர்முகமதுக்குப் பார்த்ததும் பிடிபட்டது. எல்லாம் பஸ் நிறுத்தங்கள். பாளையிலிருந்து ஜங்ஷன் வரை, வரிசையாக.

நாற்பதாம் பக்கம் முருகன்குறிச்சியில் முடிந்தது. நாற்பத்திரண்டு கொக்கிரகுளத்தில் தொடங்கியது. நடுவில் என்ன வரும் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெயர்களை எண்ணாக மாற்றியதும் இயந்திரம் தூக்கி எறிந்துவிடும், அதனால் சரிபார்க்க வழியில்லை. பீர்முகமது ‘வண்ணாரப்பேட்டை’ என்பதை ஆறெழுத்துக்கு வெட்டிப் போட்டார்.

எழுதிய பக்கத்தை மற்ற பக்கங்களோடு சேர்த்து எண்களாக மாற்றிப் பார்த்தார். நாடாவில் இருந்த எண்களும் இந்த எண்களும் ஒன்றுக்கொன்று அச்சாக நின்றன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“அதோட விட்டிருக்கணும் டீச்சர்” என்றார். “அதே மாதிரி தாள்ல அச்சடிச்சு, கட்டுக்குள்ள சொருகி, பெருமாள்புரத்துக்குக் கொண்டுபோய் அந்தம்மாகிட்டயே காட்டினேன்.”

“நீங்க எழுதினதுன்னு சொன்னீங்களா?”

“சொல்லலை. பக்கம் அதுவா நிக்குதான்னு பாக்க ஆசை.”

“நின்னுச்சா?”

பீர்முகமது தலையைக் குனிந்துகொண்டார்.

சௌந்தரநாயகி அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். சாப்பிட்டதை மறந்து சாப்பாடு கேட்பார். மகள் உமையாள் கூடவே இருக்கிறார். அன்று அம்மா ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் விரல் நின்றது. பக்கத்தைப் பார்த்தார். பிறகு பீர்முகமதின் முகத்தைப் பார்த்தார். “என் கைதான் சார் இது” என்றார்.

வாசல்வரை வந்த உமையாள், “நேத்து என்னையே யாருன்னு கேட்டாங்க சார். ஒண்ணைப் பாத்து இது என்னோடதுன்னு அம்மா சொல்லி ரொம்ப நாளாச்சு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லுங்க டீச்சர்” என்றார் பீர்முகமது. “அது உங்க கை இல்லம்மா, என் கைன்னு நான் எப்படிப் போய்ச் சொல்ல? அந்தம்மாவுக்கு மிச்சம் இருக்கறதே அந்த நம்பிக்கைதானே.”

“உங்களுக்கு எது பயம் சார்? அந்தம்மா அழுவாங்கன்னா? இல்லை, பக்கம் கையை விட்டுப் போயிருமோன்னா?”

 ஏதோ ஒரு இடத்தில், யார் பெயரிலாவது, தான் எழுதியது தங்கிவிட்டது என்ற சந்தோஷம் பீர்முகமதுக்குள் இருந்தது உண்மை. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

“ரெண்டும்தான்” என்றார்.

டீச்சர் எழுந்து துணிப்பையை மாட்டினார்.  தாள்கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பீர்முகமது பின்னாலேயே போனார். பதில் கேட்டால் ஆட்டோவில் ஏற்றுகிற குரு அவருக்கு வாய்த்திருந்தார்.

பெருமாள்புரத்தில் சௌந்தரநாயகி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க. காப்பி குடிக்கியளா?”

“குடிக்கிறோம்மா” என்று டீச்சர் கட்டை அவர் மடியில் வைத்தார். நாற்பத்தொன்றை மேலே எடுத்தார். “அம்மா, எனக்கு ஒண்ணு காட்டித் தருவீங்களா? இந்தப் பக்கத்துல உங்க கை எங்கெங்க தெரியுது?”

பீர்முகமது சட்டென்று டீச்சரைப் பார்த்தார். இதைத்தானா கேட்பது? தெரியாமல் தடுமாறினால் அம்மாவின் கதி என்ன? உமையாளும் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நிதானமாகத் தேடினார்.

“இந்தா, இங்க. கீழருந்து எண்ணுதேன் பாருங்க. அப்படிச் செஞ்சா நினைவகத்துல ஒரு இடம் மிச்சமாகும். அப்பல்லாம் ஒரு இடம்னா சொத்து.”

“சரிம்மா.”

“இது. இந்த மூணு வரி. முன்னாடி செஞ்சதையே இங்க திரும்பக் கூப்பிட்டுக்கிடுதேன். இதுவும் நான்தான்.”

விரல் கீழே இறங்கியது. வெட்டுப்பட்ட ஒரு பெயரில் போய் நின்றது. அம்மா சிரித்தார்.

“இது நான் இல்லை.”

“அம்மா” என்று உமையாள் பதறினார். “அன்னைக்கு உங்களோடதுன்னுதானே சொன்னீங்க? மறந்துட்டீங்களா?”

“நீ சும்மா இரு. வண்ணாரப்பேட்டையில யாரு வீடு இருந்துச்சு?”

உமையாள் யோசித்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஆச்சி வீடு.”

“எங்க மாமியார் வீடு” என்று அம்மா டீச்சரிடம் திரும்பினார். “காலையில அங்க ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சண்டை. நடுவுல காலேஜ்ல உக்காந்து நிம்மதியா நாலு வரி எழுதுவேன். அதுலயும் ‘வண்ணாரப்பேட்டைக்குப் போ’ன்னு நான் எழுதுவேனா? அந்த இயந்திரம் என்ன பாவம் செஞ்சுது?”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பீர்முகமதால் சிரிக்க முடியவில்லை.

“நான்தாம்மா எழுதினேன். அந்தப் பக்கமே நான் எழுதினது. உங்க பக்கம் அமிலத்துல போயிருச்சு.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே.”

“அப்புறம் ஏம்மா உங்க கைன்னு சொன்னிய?”

“நீங்க உக்காந்திருந்ததை நீங்க பாக்கலையே. பரீட்சைப் பேப்பரைக் குடுத்துட்டு நிக்கற பிள்ளை மாதிரி. நாப்பது வருஷம் பேப்பர் திருத்துனவ நான், அந்த முகம் எனக்குத் தெரியாதா? இல்லைன்னு சொல்ல மனசு வரலை.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை சார். மத்ததெல்லாம் என் வரிதான். இதே மாதிரிதான் எழுதியிருப்பேன். என்கிட்ட இருந்துதானே எடுத்திருக்கீய.”

பீர்முகமது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் காப்பாற்ற நினைத்த அம்மா அவரைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த எண்ணமே அவருக்குத் தாங்கவில்லை.

“அப்போ அந்த இடத்துக்கு என்ன பேரும்மா வெச்சிருந்திய?”

அம்மா பக்கத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. முருகன்குறிச்சி என்று மெல்லச் சொன்னார், கொக்கிரகுளம் என்றார். நடுவில் வாய் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார்.

“அது போயிருச்சு சார்” என்றார். “இது இல்லைன்னு மட்டும் தெரியுது.”

உமையாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

காப்பகத்துக்குத் திரும்பியதும் பீர்முகமது நேராகத் தன் மேசைக்குப் போனார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து விரித்தார்.

“டீச்சர், அந்தப் பேரை எடுத்துட்டு வெறும் நம்பர் ஒண்ணு போட்டுருதேன். எண்கள்ல ஒரு வித்தியாசமும் வராது. மத்ததெல்லாம் அம்மாவோடதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. பக்கம் சுத்தமாயிரும்.”

டீச்சர் துணிப்பையை ஆணியில் மாட்டினார்.

“அடியில உங்க பேரைப் போடுங்க சார்.”

“என் பேரா?”

“நீங்க எழுதின பக்கம்தானே. இந்த வருஷம், இன்னார், இந்தக் காரணத்தால எழுதினதுன்னு போடுங்க. அம்மா இன்னைக்குச் சொன்னதைத் தனியா ஒரு தாள்ல எழுதிக் கூட வைப்போம்.”

“பேரைப் போடுதேன். அதுல தப்பில்லை” என்றார் பீர்முகமது. “ஆனா டீச்சர், நியாயமா பாத்தா அதுல என்னோடதுன்னு என்ன இருக்கு? எண்ணுறது அவங்க எண்ணுற மாதிரி. வரி அவங்க வரி. நான் எழுதினேன்னு சொல்ல ஒண்ணும் இல்லையே.”

சொல்லிக்கொண்டே அச்செழுத்தைச் சுரண்ட ஒரு பிளேடை எடுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வண்ணாரப்பேட்டை இருக்குல்லா சார்” என்றார். “அதை அழிக்காதீங்க.”