மருத மரத்தில் வைரம்

"கர்ர்... கர்ர்..." என்று படுக்கைக்கு அடியில் ஒரு சத்தம். மருத மரத்து வேருக்குள் குடியிருந்த தாய்ச் சுண்டெலி திடுக்கிட்டு எழுந்தது. ஒரே இருட்டு. பக்கத்தில் மூன்று குட்டிகள், இன்னும் கண் திறக்காதவை.

தரை ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. சுண்டெலி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "யாரது?" என்றது.

மண்ணைப் பெயர்த்துக்கொண்டு ஒரு பெருச்சாளியின் மூக்கு மேலே வந்தது.

"பயப்படாதீங்க அக்கா. வைரம் எடுக்க வந்திருக்கேன். ராஜா உத்தரவு."

அந்தக் காட்டு நாட்டுக்கு வைரம்தான் வருமானம். பெருச்சாளிகள் தோண்டும். கரடி ராஜா கற்களை ஆற்றின் அக்கரைக்கு அனுப்புவார். பதிலுக்குப் படகில் தானியம் வரும். அதனால் இக்கரையில் விதைப்பதையே எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"என் வீட்டுக்கடியிலயா வைரம்?"

"மரங்கொத்தியே சொன்னாரே, இது வைரம் பாய்ஞ்ச மரம்னு. ஆத்தங்கரைக் குழியெல்லாம் காலி அக்கா. இந்த வாரம் கல் போகலேன்னா படகு வராது. நாடே பட்டினி."

சுண்டெலிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அட அசடே! மரத்துல வைரம் பாய்ஞ்சிருக்குன்னா உள்கட்டை முத்தி உறுதியாயிடுச்சுன்னு அர்த்தம். கல்லு இல்லப்பா."

மேலேயிருந்து மரங்கொத்தி தூக்கக் கலக்கத்தில் தலையை நீட்டியது. "அதேதான். மூணு நாளா கொத்தறேன், ஒரு பொந்து விழல. அலகுதான் வீங்கிப் போச்சு."

பெருச்சாளி அறுந்து கிடந்த வேர்களைப் பார்த்தது. தலை குனிந்துகொண்டது.

"எனக்கும் அஞ்சு குட்டி இருக்கு அக்கா. நேத்துலேருந்து பசியில அழுதுக்கிட்டே இருக்கு. வெறுங்கையோட எப்படிப் போவேன்?"

சுண்டெலி மூலைக்குப் போனது. அங்கே எடுத்து வைத்திருந்த தினையில் இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தது.

"இந்தப் பிடி பிள்ளைங்களுக்கு. அந்தப் பிடியைத் தின்னக் கூடாது. ஆத்தங்கரையில நீங்க தோண்டிப் போட்ட மண்ணு பொலபொலன்னு கிடக்கில்ல, அதுல தூவுங்க."

"ராஜா கேட்டா?"

"முளைச்சதைக் காட்டுங்க. ராஜாவுக்கும் வயிறு இருக்கில்ல?"

பெருச்சாளி குழியை மூடியது. வேரைச் சுற்றி மண்ணை மிதித்து மிதித்து இறுக்கியது. தரை சமமானது. சரிந்து தொங்கிய மரப்பட்டைக் கதவும் நிலையில் பொருந்தியது.

அது போன பின் சுண்டெலி உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டது.

மண்ணுக்குள் கிடப்பதை மட்டுமே நம்பி, மண்ணில் விதைக்க மறந்த நாடு, கடைசியில் தன் குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தையே தோண்டும்.