நனைந்த கல்லும் ஆறிப்போன சோறும்

“அந்த மனுசனுக்குத் தலைமை குடுக்கறதுக்கு நம்ம எருமைக்குக் குடுத்துட்டுப் போகலாம்டி!”

“எருமைய ஏன் வம்புக்கு இழுக்குறீங்க? அது வேளைக்குப் பால் குடுக்குது. நீங்க என்னத்தக் குடுத்தீங்க?”

“நான் அரண்மனை விகடகவி. எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன்.”

“இங்க யாரும் சிரிக்கல.”

இந்தச் சண்டை நடந்தது முன்னொரு காலத்தில். எந்தக் காலம் என்று கேட்டால், அரசர்களுக்கு மீசையும் அமைச்சர்களுக்கு முதுகும் வளைந்திருந்த காலம். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். முதலில் கத்தியவன் சுக்காண்டி. பதிலுக்குக் கத்தியவள் அவன் மனைவி அங்காத்தாள். எனக்கு இதைச் சொன்னவள், அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் குடியிருந்த குடும்பத்தின் வழியில் வந்தவள். கூட்டியும் சொல்லமாட்டாள், குறைத்தும் சொல்லமாட்டாள் என்று அவளே சத்தியம் செய்திருக்கிறாள்.

சண்டைக்கெல்லாம் காரணம் அரசரின் முழங்கால். வலி தீர வேண்டுமானால் காசிக்குப் போய்க் கங்கையில் முழுகியே ஆகவேண்டும் என்று ஒருநாள் விடிந்ததும் அவருக்குத் தோன்றிவிட்டது. பல்லக்குத் தூக்குகிறவர்களின் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அரசர் வெளிநாடு போனால், சபையார் கைதூக்கி ஒரு நாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அங்கே வழக்கம். இந்த முறை நான்தான் தலைவர் என்று முன்வந்தவர் மழவராயர். அரசியின் தம்பி, எல்லைக் கோட்டையின் தளபதி. மாடு திருடும் கூட்டத்தை மலைக்கு அப்பால் விரட்டியடித்தவர். அந்தக் கூட்டம் ஓட்டிப்போன மாடுகளில் அங்காத்தாளின் எருமையும் ஒன்று. அதை மழவராயரே மீட்டுக் கொண்டுவந்து, “இந்தாம்மா உன் செல்வம்” என்று கயிற்றைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அங்காத்தாளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

அதுவரை எல்லாம் சரி. சிக்கல் கல்லில் வந்தது.

சபை வாசலில், கூரையில்லாத இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. நெறிக்கல் என்று பெயர். தலைவராக வருகிறவர் எப்படி ஆளவேண்டும் என்று முன்னோர்கள் அதில் வெட்டி வைத்திருந்தார்கள். உறவுக்கும் ஊருக்கும் ஒரே நீதி, அரசர் திரும்பிய அன்றே தலைவர் இறங்கிவிட வேண்டும், இப்படி. தலைவர் ஆசனத்தில் அமருமுன் அந்தக் கல்லின் முன் குனிய வேண்டும். குறை உள்ளவர் யாரானாலும் கல்லின் தலையில் தண்ணீர் ஊற்றி முறையிடலாம். தடுக்கக் காவலனுக்கு உரிமை இல்லை. கல்லில் வெட்டியபடி தீர்ப்புக் கிடைத்தால் முறையிட்டவரே கல்லைத் துடைத்துவிட்டுப் போவார். கல் நனைந்திருக்கும்வரை தலைவர் வாயில் ஒரு பருக்கை போடக்கூடாது. முன்னோர்களுக்குத் தலைவர்களின் வயிற்றைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மழவராயர் சொன்னார்: “திருடனைப் பிடித்தது கல்லா, நானா? கல்லுக்கு நான் குனியமாட்டேன். கல்லைப் பெயர்த்து எறியுங்கள். அது நின்ற இடத்தில் இனி நான்.”

ஊர் இரண்டாகிவிட்டது. சம்பந்திகள் பேசிக்கொள்ளவில்லை. நாவிதர் ஒருவர், பாதி முகம் மழித்த நிலையில் வந்தவர் எதிர்க்கட்சி என்று தெரிந்து கத்தியை மடக்கி வைத்துவிட்டாராம். சுக்காண்டி வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவது நின்றுபோனது.

“நல்லது பண்ணினவருக்கு மாலை போடு, நான் வேண்டாங்கல. கல்லைப் பேக்கச் சொல்றாரேடி!”

“கல்லா வந்து என் எருமைய மீட்டுச்சு?”

“நாளைக்கு அவரே எருமையப் புடுங்கினா யாருகிட்டப் போய்ச் சொல்லுவ?”

“அவரு ஏன் புடுங்கறாரு? உங்களுக்குப் பொறாமை. போங்க, சபைக்கு நேரமாச்சு.”

சபையில் அன்று அரசர் அவசரத்தில் இருந்தார். காசிக்கு எத்தனை ஜாடி ஊறுகாய் எடுத்து வைப்பது என்று மடைப்பள்ளி ஆட்கள் நடுவே நடுவே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமைச்சர் பூதலிங்கம் எழுந்தார். இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுக்காண்டி சொல்லி அரசர் சிரித்தால், இவருக்கு அன்று முழுவதும் நெஞ்சு கரிக்கும். “மன்னா, எல்லோரும் ஒரே குரலில் இருந்தால்தான் தாங்கள் நிம்மதியாகப் புறப்பட முடியும். நாங்கள் இனி கல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், மழவராயர் ஒருவருக்கே கட்டுப்பட்டவர்கள் என்று சபையார் அனைவரும் சத்தியம் செய்யட்டும். செய்யாதவர் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விடட்டும்.”

“ஆகட்டும், ஆகட்டும்” என்றார் அரசர். “நாளை மாலைக்குள் முடித்துவிடுங்கள். எலுமிச்சை ஊறுகாய் இரண்டு ஜாடி போதும்.”

எல்லோரும் கைதூக்கிச் சத்தியம் செய்தார்கள்; முதலில் உயர்ந்தது பூதலிங்கத்தின் கை. சிலர் இரண்டு முறை செய்தார்கள். சுக்காண்டி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“விகடகவிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதோ?” என்றார் பூதலிங்கம்.

“இல்லை அமைச்சரே. இந்தச் சபையில் சேர்ந்த அன்று நாம் எல்லோரும் அந்தக் கல்லைத் தொட்டுச் சத்தியம் செய்தோம். அந்தச் சத்தியத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன்.”

“கல்லே போன பிறகு அந்தச் சத்தியம் எங்கே? கல் நின்ற இடத்தில் இனி மழவராயர்!”

“அப்படியானால் கல்லுக்கு உரியதெல்லாம் இனி இவருக்கு உரியதுதானே?”

“ஐயமென்ன? ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது!” என்று பூதலிங்கம் முழங்கினார். மழவராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சுக்காண்டி அரசரைக் கும்பிட்டான். “மன்னா, நானும் சத்தியம் செய்கிறேன். ஆனால் கல் நின்ற இடத்தில் நின்று செய்வதுதான் வழக்கம். நாளைக் காலை முதல் மழவராயர் அங்கே நிற்கட்டும். மாலைக்குள் வந்து, அவர் தலைமேல் கைவைத்துச் சொல்கிறேன்.”

அரசருக்கு இது பிடித்துப்போயிற்று. ஜாடியை மறந்து, “அப்படியே நடக்கட்டும்!” என்றார்.

மறுநாள் கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். அது நின்ற குழியை மூடி, அதன்மேல் பட்டு உடுத்தி, கவசம் பூண்டு மழவராயர் நின்றார். வெயில் ஏறியது. பூதலிங்கம் வெண்குடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“கல்லுக்கு ஏது குடை?” என்றான் சுக்காண்டி. “மயிரிழை, அமைச்சரே, மயிரிழை.”

குடை திரும்பிப் போயிற்று.

அன்று காலை சுக்காண்டி வீட்டு எருமையின் கயிறு எப்படி அவிழ்ந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தொழுவத்திலிருந்து கடைசியாக வெளியே வந்தவன் சுக்காண்டி என்பது மட்டும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. எருமை நேரே பூதலிங்கத்தின் வாழைத்தோட்டத்துக்குள் போய், இளங்கன்றாகப் பார்த்து மேய்ந்தது.

பூதலிங்கம் பதறி வந்தார். மூன்று விரலில் நீர் எடுத்து, மழவராயர் தலையில் பன்னீர் தெளிப்பதுபோலத் தெளித்து முறையிட்டார்.

“பிறர் பயிரைத் தின்ற மாடு பயிர்க்காரருக்கே சொந்தம்!” என்று மழவராயர் தீர்ப்புச் சொன்னார். “எருமையை அமைச்சர் தொழுவத்தில் கட்டுங்கள்.”

பூதலிங்கம் தம் அங்கவஸ்திரத்தால் தலைவரின் தலையை ஒற்றி எடுத்தார். சபையார் ஆகா என்றார்கள்.

செய்தி அங்காத்தாள் காதுக்குப் போனது. தண்ணீர் எடுக்கப் போனவள், இடுப்பில் குடத்தோடு அப்படியே சபை வாசலுக்கு வந்துவிட்டாள். கூட்டம் விலகியது. அவள் மழவராயரை மேலும் கீழும் பார்த்தாள்.

“என் எருமைதான்னு தெரியுமா சாமி? நீங்க மீட்டுக் குடுத்த எருமை.”

“தெரியும் அம்மா. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான்.”

“சரி. தீர்ப்பு தீர்ப்பாவே இருக்கட்டும்.” குடத்தைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்தாள். பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது. மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. காவலன் ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்து, எடுத்த அடியைத் திரும்ப வைத்துக்கொண்டான்.

“போன வாரம் அமைச்சர் வீட்டுக் காளை என் பூசணிப் பந்தலைப் பிய்ச்சுத் தின்னுச்சு. தெருவே பாத்துச்சு. அப்பப் பெரிய இடமாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப அதே தீர்ப்பக் குடுங்க. காளைய என் தொழுவத்துல கட்டச் சொல்லுங்க.”

மழவராயர் பூதலிங்கத்தைப் பார்த்தார். பூதலிங்கம், எல்லோருக்கும் முதலில் கைதூக்கிய தம் வலது கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார்.

“அது வந்து... காளை வேறு, எருமை வேறு” என்றார் மழவராயர். “வாயில்லா ஜீவனுக்கு என்ன தெரியும்? நீதான் வேலி கட்டியிருக்க வேண்டும்.”

“எருமைக்கு மட்டும் வாய் இருந்துச்சா?” என்றாள் அங்காத்தாள். “காலையில ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. உங்களுக்காக வீட்டுல அந்த மனுசனுக்கு உப்பில்லாத குழம்ப ஊத்தினேனே! நான் துடைக்க மாட்டேன் சாமி. நில்லுங்க இப்படியே.”

வெயிலில் தலை காயத் தொடங்கும். அங்காத்தாள் குளத்துக்குப் போய் இன்னொரு குடம் கொண்டு வருவாள். மறுபடி காயும். மறுபடி குடம். அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து நெய்யில் மிளகு பொரியும் வாசம் வந்தது. மழவராயருக்கு விரித்த இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மழவராயரின் வயிறு போட்ட சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது என்கிறார்கள். பின்வரிசைக்கும் கேட்டது என்பவர்களும் உண்டு.

பூதலிங்கம் அரசரிடம் ஓடினார். “மன்னா, இது அநியாயம்! ஒரு பெண் நாட்டுத் தலைவரை நனைக்கிறாள்!”

“தலைவரையா நனைக்கிறாள்? கல்லைத்தானே நனைக்கிறாள்?” என்றார் அரசர். அவர் மாடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே ஒரு ஜாடி ஊறுகாயைப் பாதி தின்றிருந்தார்.

பொழுது சாயும் நேரம். சுக்காண்டி வந்தான். அரசரும் மாடத்திலிருந்து இறங்கி வந்தார்.

“விகடகவி, சத்தியம் செய்” என்றார் பூதலிங்கம். “இல்லையேல் ஓடம் காத்திருக்கிறது. உன் மனைவியையும் ஏற்றிக்கொள். எருமை இங்கேயே இருக்கும்.”

சுக்காண்டி மழவராயரின் ஈரத்தலைமேல் கையை வைத்தான். வைத்தவன் நிறுத்தினான்.

“மன்னா, ஓர் ஐயம். எருமை வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன மழவராயருக்குச் சத்தியம் செய்யட்டுமா, காளை வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன மழவராயருக்குச் செய்யட்டுமா? முதலாமவருக்குக் கட்டுப்பட்டால் இரண்டாமவர் சொல்லை மீற வேண்டும். இரண்டாமவருக்குக் கட்டுப்பட்டால் முதலாமவருக்குத் துரோகம். நான் ஒருவன், எனக்கு ஒரு சத்தியம்தான் இருக்கிறது. சுவரோரம் சாய்ந்திருக்கிறதே, அந்தக் கல்லிடம் எந்த வழக்கைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். நாளைக்கு நம் பேரன் போய்க் கேட்டாலும் அதுவே வரும். இவரைப் போல அதனால் திருடனைப் பிடிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் ஆள் பார்த்துப் பேசவும் முடியாது.”

பூதலிங்கம் வாயைத் திறந்தார். அதற்குள் மழவராயரே பேசிவிட்டார்.

“அக்காவின் கணவரே,” என்று சபை மரியாதையெல்லாம் மறந்து அரசரைப் பார்த்துக் கெஞ்சினார், “அந்தக் கல்லை நடச் சொல்லுங்கள். எனக்குப் பசிக்கிறது.”

அரசர் சிரிக்கத் தொடங்கினார். தலைப்பாகை சரிந்தது, சிரித்தார். முழங்காலைத் தட்டிச் சிரித்தார், வலிக்கும் முழங்கால் என்பது தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது, அதற்கும் சிரித்தார்.

கல்லை மறுபடி நட்டார்கள். மழவராயர் அதன் முன் குனிந்தார். குனிந்தபடியே வெட்டெழுத்தைப் படித்தார்; முதல் முறையாகப் படிக்கிறார் என்பது படித்த விதத்தில் தெரிந்தது. பிறகு தீர்ப்பை மாற்றினார். எருமை எருமைக்காரிக்கு, காளை காளைக்காரருக்கு. பூதலிங்கம் பந்தல் போட்டுக் கொடுக்கவேண்டும். சுக்காண்டி வாழைக்கன்று நட்டுக் கொடுக்கவேண்டும். அங்காத்தாள் தன் முந்தானையால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள். “இத முன்னமே சொல்லியிருந்தா சோறு சூடா இருந்திருக்கும்ல சாமி?” என்றாள்.

“சுக்காண்டி, நீயே தலைவராக இருந்துவிடேன்” என்றார் அரசர்.

“மன்னா, கல் நனைந்தால் தலைவருக்குச் சோறில்லை. என் வீட்டில் குடம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தீர்களே.”

அரசர் மறுபடி சிரித்து, தம் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். அங்காத்தாளுக்கு அரண்மனை முத்திரை பதித்த பித்தளைக் குடம் ஒன்று.

சபை மறுநாள் கூடிக் கைதூக்கியது. யாருக்கு என்கிறீர்கள்? மழவராயருக்குத்தான். சத்தியத்துக்குத் தூக்கிய அதே கைகள். அங்காத்தாள் வாசலில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாக வாழ்த்தினாள். “குனிஞ்சாருல்ல, அது போதும்” என்று சுக்காண்டியிடம் சொன்னாள். அன்று குழம்பில் உப்பு இருந்தது. மழவராயரும் ஒன்றும் மோசமாக ஆளவில்லை. மத்தியான வழக்குகள் எல்லாம் மளமளவென்று முடிந்தன. அரசர் காசியிலிருந்து அதே முழங்கால் வலியோடு திரும்பிய அன்று, கேட்காமலே ஆசனத்தை விட்டு இறங்கினார்.

பூதலிங்கம் அக்கரைக்குக் குடிபோய்விட்டார். யாரும் அனுப்பவில்லை; பந்தல் போட்டதைத் தெருவே நின்று பார்த்தது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓடம் கரை தட்டியதும், இங்கே யார் பெரியவர் என்று கேட்டாராம். ஓடக்காரன் கையைக் காட்டியதும் அந்தப் பக்கமே கும்பிட்டாராம்.

மழவராயர் எண்ணெய் வாணிகர் வீட்டில் பெண் எடுத்தார். மணப்பெண் கொஞ்சம் குள்ளம். மாலை வாங்க மாப்பிள்ளை குனிய வேண்டியிருந்தது. யாரும் சொல்லாமலே குனிந்தார். அங்காத்தாள் கல்யாணச் சீராக அதே பித்தளைக் குடத்தைக் கொண்டுபோயிருந்தாள். அவள் குடத்தோடு பந்தலுக்குள் நுழைந்ததும், சாப்பிட உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சட்டென்று எழுந்துவிட்டார். குடத்துக்குள் எட்டிப் பார்த்து, காலிதான் என்று தெரிந்த பிறகே மறுபடி இலையில் உட்கார்ந்தார்.