மூன்றாவது கோலுக்குப் பிறகு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடனுக்கு நாற்பத்தொன்று. அதனால் குரு சீடனை 'அண்ணா' என்பாள். சீடன் குருவை 'மாஸ்டர்' என்பான். வடசென்னையில் ஒரு மைதானத்தை ஒட்டிக் கிடக்கிற ஏழாவது தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

எஸ்தர் மாஸ்டர் ஏழாவது தெருக் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர். தயாளன் அதே கழகத்தின் பழைய கோல்கீப்பர். ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும், மாமியார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாலும், அவன் முதலில் வந்து நிற்பது மாஸ்டரிடம்தான். மாஸ்டர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாள். கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை அவன் வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மாஸ்டர், தன்ஷி கட்சி மாறிட்டா."

தன்ஷிகா அவனுடைய ஒரே மகள். ஏழு வயது.

"யாருண்ணா சொன்னா?"

"அவளேதான். காலைல பல்லு வெளக்கிகினே சொல்றா, 'அப்பா, எனக்கு மஞ்ச ஜெர்சி வேணும்'னு. வாயில பேஸ்ட்டு நொர. நான் வேற ஏதோ கேக்கறான்னு நெனச்சேன்."

மஞ்சள் என்றால் ராயல் ஈகிள்ஸ். மைதானத்துக்கு அந்தப் பக்கத்துக் கழகம். ஐந்து வருடமாகக் கோப்பையை வெளியே விட்டதில்லை. அவர்களிடம் பேண்டு செட்டு இருக்கிறது. மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோன் இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகளுக்கெல்லாம் ரோஸ் மில்க் கொடுக்கிறார்கள். ஏழாவது தெருவுக்கு இருப்பதோ, துவைத்துத் துவைத்துப் பச்சை என்று சத்தியம் செய்தால்தான் நம்பக்கூடிய ஒரு ஜெர்சியும், பட்டியலில் கடைசி இடமும்.

"அவ கிளாஸ்ல எல்லாம் மஞ்சதானாம்," என்றான் தயாளன். "வர்ற ஞாயித்துக்கெழம நமக்கும் ஈகிள்ஸுக்கும் மேட்சு. அவ ஃப்ரெண்டு குடும்பத்தோட அந்தப் பக்கம் உக்காரப் போறாளாம். தெருவே பாக்கும் மாஸ்டர். எங்க அப்பா இந்தக் கிளப்புக்கு ஆடுனாரு. நான் பன்னெண்டு வருஷம் கோல்ல நின்னேன். அவ பொறந்தப்போ ஆஸ்பத்திரில இருந்து இந்தப் பச்சையிலதான் சுத்தித் தூக்கினு வந்தேன். அவளுக்குக் குடுக்க எங்கிட்ட வேற இன்னா இருக்கு?"

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கீழே கிடந்த கயிற்றின் ஒரு முனையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதப் புடிங்கண்ணா. கோடு போடணும்."

கயிற்றை இழுத்துப் பிடித்தால் அதை ஒட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டே வருவாள். அப்போதுதான் கோடு நேராக விழும். தயாளன் ஒரு கையில் கயிறும் மறு கையில் ஆவேசமுமாக நின்று பேசிக்கொண்டே இருந்தான். ரோஸ் மில்க்கைத் திட்டினான், ட்ரோனைத் திட்டினான், வகுப்பு டீச்சரைக்கூட விடவில்லை. மாஸ்டர் குனிந்தபடி தூவிக்கொண்டே வந்தாள். இன்னும் நாலு அடி இருக்கும்போது அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"அவ்ளோதான் மாஸ்டர், முடிஞ்சுது. வேலைக்கு நேரமாச்சு. நான் கேட்டதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோட்டின் கடைசி நாலு அடி நாய்வாலாக வளைந்து கிடந்தது.

"பாத்தீங்களாண்ணா?" என்றாள்.

"ஆமா, கோணிச்சு. அத்த வுடுங்க. என் பொண்ணுக்கு வழி சொல்லுங்க."

மாஸ்டர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தயாளனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டால் பதில் கிடையாது, வேலை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள்! இனி தன் புத்தியே தனக்குத் துணை என்று கிளம்பினான்.

முதலில் வரலாற்றைக் கையில் எடுத்தான். ஏழாவது தெரு ஒரு காலத்தில் கோப்பை வாங்கிய கதையை அன்று ராத்திரி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னான்.

"எப்போப்பா?"

"நான் உன்ன மாதிரி இருக்கச் சொல்ல."

"அப்போ டைனோசர் இருந்துச்சா?"

மறுநாள் பச்சை ரிப்பன் வாங்கி வந்தான். அது சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டு ஆட்டின் கழுத்துக்குப் போய்விட்டது. ஆட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள், பழைய பந்து ஒன்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதன்மேல் மகளின் கையை வைத்தான்.

"சொல்லு. நம்ம கிளப்ப வுட்டுப் போக மாட்டேன்."

"ஜெயிச்சா போக மாட்டேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது. சத்தியத்துல 'ஜெயிச்சா', 'தோத்தா'வெல்லாம் வரக் கூடாது."

"அப்போ எனக்கு சத்தியம் வேணாம்," என்று கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் கத்தினான். அவள் அழுதாள். அடுக்களையிலிருந்து அவன் மனைவி, "ஏழு வயசுப் புள்ளைகிட்ட இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? வூட்டுல தண்ணி வரலன்னு சொன்னா ஒரு நாளாவது இப்படித் துடிச்சிருப்பியா?" என்றாள். தண்ணீர் மூன்று நாளாக வரவில்லை.

சனிக்கிழமை மறுபடி மைதானத்துக்கு வந்தான். மாஸ்டர் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து, கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த பழைய மீன்வலை அது.

"ஆறு நாளாச்சு மாஸ்டர்! எனக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லல. சும்மா கயிறு புடி, கோடு பாருன்னு..."

"போன மேட்சு எத்தினிக்கு எத்தினிண்ணா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா? மூணு ஜீரோ."

"அஞ்சு ஜீரோ."

"செரி, அஞ்சு. அஞ்சா இருந்தா இன்னா, மூணா இருந்தா இன்னா? தோத்தது தோத்ததுதான்."

"அதுக்கு முந்தின மேட்சு?"

"அதுவும் மூணு ஜீரோ."

"நாலுக்கு ஒண்ணு."

தயாளன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. "ஒண்ணா? அந்த ஒண்ணு யாரு அடிச்சது?"

"நாமதான்."

"மாஸ்டர், வெளையாடாதீங்க. இந்த சீசன்ல நாம ஒரு கோலு கூட அடிக்கல. அதனாலதான் புள்ள போறா."

"கடைசி நிமிஷம். கார்னரு. அமல்ராஜ் வேற பக்கம் பாத்துகினு நின்னான். பந்து அவன் காதுல பட்டு உள்ள போச்சு. தெருவே அவனத் தூக்கினு ரெண்டு ரவுண்டு ஓடிச்சு. அவனுக்கு மூணு நாளு காது கேக்கல."

"நான் பாக்கலியே?"

"நீங்க பரோட்டா கடைல இருந்தீங்க."

அது உண்மைதான். மூன்றாவது கோல் விழுந்ததும் தயாளன் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது, வா," என்று கிளம்பிவிடுவான். மூலையில் இருக்கிற பரோட்டா கடைக்கு நேராகப் போவான். ஆட்டம் விட்டுக் கூட்டம் வருவதற்குள் இரண்டு பேரும் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். அவள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

"கொழந்த மனசு ஒடையக் கூடாதுன்னுதான மாஸ்டர் கூட்டினு போறேன்!" அவனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "மூணு வுழுந்தப்புறம் அவள உக்கார வெச்சு இன்னாத்தக் காட்டச் சொல்றீங்க?"

மாஸ்டர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு வலை அவுக்க ஆளு கம்மிண்ணா," என்றாள். "அமல்ராஜுக்குக் கையில கட்டு."

அந்த மைதானத்தில் ஒரு முறை உண்டு. ஜெயித்தவர்கள் ஆடிப் பாடிக்கொண்டு போய்விடலாம். தோற்றவர்கள்தான் இரண்டு கம்பத்திலும் வலையை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். விட்டுவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஆடு தின்றுவிடும். தயாளன் ஆடிய காலத்தில் எத்தனையோ முறை அவிழ்த்திருக்கிறான். மகள் பிறந்த பிறகு அதை அவன் மறந்தே போயிருந்தான்.

பதில் கேட்க வந்தவன், நாளைக்கும் ஒரு வேலையை வாங்கிக்கொண்டு போனான். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஞாயிற்றுக்கிழமை தன்ஷிகா இரவல் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டாள். முட்டி வரை தொங்கியது. "அப்பா, டாட்டா," என்று சிநேகிதியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் அந்தப் பக்கம் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தயாளன் பச்சைப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு.

இடைவேளைக்குள் இரண்டு விழுந்தது. அந்தப் பக்கம் பேண்டு அடித்தார்கள், ரோஸ் மில்க் கொடுத்தார்கள். இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிடம் மூன்றாவதும் விழுந்தது. தயாளன் எழுந்தான். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை, கால் தானாக எழுந்தது. கை தானாகப் பக்கத்தில் மகளைத் தேடியது. அங்கே யாரும் இல்லை.

கோட்டோரம் நின்றிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அவள் காலடியில் அந்த நாய்வால் கோடு இருந்தது. கயிறு பிடிக்க ஆள் இல்லாததால் அதை யாரும் திருத்தியிருக்கவில்லை.

அவன் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நாலு விழுந்தது, ஐந்து விழுந்தது, ஆறு விழுந்தது. ஏழாவது தெரு ஒன்றும் அடிக்கவில்லை. அமல்ராஜ் இல்லாததால் காதில் படவும் வழியில்லை. ஆனால் அந்தக் கடைசி நாற்பது நிமிடத்தில் தங்கள் கோல்கீப்பர் பையன் பதினொரு பந்தைப் பாய்ந்து பிடித்ததைத் தயாளன் எண்ணினான். பதினோராவதுக்கு அவனே எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் எங்கே இருந்தோம் என்றும் இருந்தது.

விசில் ஊதியாயிற்று. மஞ்சள் கூட்டம் பேண்டோடு கிளம்பியது. தயாளன் கம்பத்தடிக்குப் போய் வலையை அவிழ்க்க ஆரம்பித்தான். மீன்வலை முடிச்சு வியர்வையிலும் புழுதியிலும் இறுகிக் கிடந்தது. அவன் தடித்த விரலுக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. எதிர்ப் பக்கம் மாஸ்டர் அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா!"

சிநேகிதியின் அம்மா கையை விட்டு ஓடி வந்து நின்றாள் தன்ஷிகா. உதட்டில் ரோஸ் மில்க் மீசை.

"அப்பா, மூணு கோலுக்கு அப்புறமும் ஆடுறாங்கப்பா!"

"இன்னாது?"

"மூணு கோலு வுழுந்தா மேட்சு முடிஞ்சிடும்ல? நான் எழுந்துட்டேன். முடிஞ்சுது வான்னு ஃப்ரெண்டக் கூப்ட்டேன். எல்லாம் சிரிக்கிறாங்க. பாத்தா, அப்புறமும் ஆடுறாங்க! ரொம்ப நேரம் ஆடுறாங்கப்பா!"

தயாளன் மகளைப் பார்த்தான்.

"நீ கடைக்குப் போயிருப்பன்னு நெனச்சேன்," என்றாள் அவள். "அங்கருந்து பாத்தேன், நீ உக்காந்துனே இருந்த. உனக்குத் தெரியுமா, அப்புறமும் ஆடுவாங்கன்னு?"

அவன் தலையைக் குனிந்து முடிச்சைப் பிடித்து இழுத்தான். அது இன்னும் இறுகியது.

"அப்படி இல்லப்பா. தள்ளு," என்று அவன் கையை விலக்கிவிட்டு, தன்ஷிகா நகத்தைக் கொடுத்து முடிச்சை நெம்பினாள். ஒரு கண்ணி விட்டது. "இது யாரு அவுக்கணும்?"

"தோத்தவங்க."

"அப்போ எப்பவும் நாமதான?" என்று கேட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனாள்.

நாம! மஞ்சள் ஜெர்சி முட்டியில் தட்டத் தட்ட, அவள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவன் பூனை மாதிரி நடந்து மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், கேட்டீங்களா?" என்று கிசுகிசுத்தான். "'நாம'ன்னு சொன்னா. ஆனா ஜெர்சியக் கழட்டல. இப்போவாவது வாயத் தொறந்து சொல்லுங்க. அடுத்த வாரம் அவ எந்தப் பக்கம் உக்காருவா?"

மாஸ்டர் மடித்த வலையைத் தூக்கி அவன் தோளில் போட்டாள்.

"அவள வுடுங்கண்ணா. அடுத்த வாரம் நீங்க எத்தினி மணிக்குக் கிளம்புவீங்க?"